ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் சூரியன்

1977ஆம் வருஷம் ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் காம்பவுண்டுக்குள் மட்டும் சூரியன் மேற்கே உதித்தது. அன்றைக்கு மார்க்கெட்டில் தக்காளி கிலோ ஒரு ரூபாய், கத்தரிக்காய் எழுபது பைசா. காம்பவுண்டுக்கு வெளியே சூரியன் வழக்கம்போல ரயிலடிப் பக்கமாகத்தான் வந்தது. உள்ளே அது மலைக்குப் பின்னாலிருந்து, கூட்டத்தில் வழி கேட்டு வருகிற ஆள் மாதிரி, மெதுவாகத் தலையை நீட்டியது. உண்மையில் அது சனிக்கிழமையே அப்படித்தான் உதித்திருந்தது. பள்ளிக்குள்ளேயே குடியிருந்த வாட்ச்மேன் ராமதாஸ் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பார்த்தார். லீவு நாளில் நடப்பது தன் ரிப்போர்ட்டில் சேராது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

காரணம் என்னவென்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு விஞ்ஞான டீச்சர் கனகமாலா சூரியக் குடும்பத்தை மைதானத்தில் நடத்திக் காட்டியிருந்தாள். போளூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் ஒரு சமண விவசாயி வீட்டுப் பெண் அவள். வயது இருபத்து நாலு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் முடிகிற நேரம். புத்தகத்தில் படத்தைக் காட்டி, கீழே நான்கு கேள்வி எழுதிப் போட்டு, மணியடித்ததும் கிளம்புகிற வழக்கம் அவளுக்கு ஒத்துவரவில்லை. எதையும் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்பது அவள் கட்சி. மண் பானைக்குள் வெந்நீர் ஊற்றி மேகம் காட்டினாள். ஈரமணலில் கால்வாய் வெட்டி ஆற்றை வளைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை, வேப்பமரத்தடியில் எல்லம்மாள் என்கிற வாட்டசாட்டமான பெண்ணைப் புளி போட்டுத் துலக்கிய பித்தளைத் தாம்பாளத்தோடு உட்கார வைத்து அவள்தான் சூரியன் என்றாள். ஒன்பது பெண்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒன்பது கிரகங்களாகச் சுற்றினார்கள். பூமி வேஷம் சரசுவுக்கு. அவள் சுற்றியதோடு நிற்காமல் தன்னைத்தானே சுழலவும் வேண்டியிருந்தது.

தப்பு நடந்தது இங்கேதான். கிரகங்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன என்று புத்தகம் சொன்னது. கனகமாலாவும் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். பெண்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், பரீட்சை வைத்தால் முப்பத்தெட்டுப் பேரும் சரியாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் அவை திருவண்ணாமலைக் கால்கள். தாய் வயிற்றில் இருக்கும்போதே பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலமாகச் சுற்றிவந்த கால்கள். நடுவில் ஏதாவது ஒன்றை வைத்துச் சுற்று என்றால் அது சோத்துக்கைப் பக்கம் இருக்கிற மாதிரிதான் அவை நடக்கும். ஒன்பது கிரகமும் சூரியனை வலம் வந்தன. சரசு, சந்நிதியில் தன்னைத்தானே சுற்றிக்கொள்வார்களே, அதே மாதிரி வலமாகவே ஆறு சுழற்சி சுழன்றாள். கனகமாலாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளும் ஊர்க் கோயிலை வலமாகவே சுற்றி வளர்ந்தவள். அவள் கண்ணுக்கும் அது அழகாக, முறையாகத்தான் பட்டது. நோட்டில் டிக் போட்டாள். மறுநாள் சூரியன், தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, மேற்கே உதித்தது.

முதல் வாரம் ஊருக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளிக் கேட்டில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றால் ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது. அதைப் பார்க்கவே கும்பல் கூடியது. வடகம் காயப் போடுகிறவர்கள் ஒரு பாதியைக் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமும் பரப்பி, எந்த வெயில் ருசி ஜாஸ்தி என்று வாதாடினார்கள். எதிரில் இருந்த டீக்கடை ஒரே நாளில் ‘ரெட்டை நிழல் டீ ஸ்டால்’ ஆகி, பெஞ்சியைக் கேட்டுக்கு ஒட்டிப் போட்டது. செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, இரண்டு நிழலுக்கும் நடுவில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தார். தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று சொல்லி ஊருக்கு டிக்கெட் எடுத்தார். பெண்களுக்கும் குறையில்லை. கிழக்கே பார்த்துப் பிரேயரில் நிற்கும்போது இப்போது கண் கூசவில்லை.

கனகமாலாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஆவணி பிறந்ததும் வேலூரிலிருந்து கல்வி அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் எழுதுவதை வைத்துத்தான் அவள் வேலை நிரந்தரம் ஆகும், அல்லது ஆகாது. ஆகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் மல்லாட்டை உடைக்க வேண்டியதுதான். பானைக்குள் மேகம், மணலில் ஆறு எல்லாம் அதோடு சரி. தலைமையாசிரியை ஆதிலட்சுமி அம்மாள் அவளை ரூமுக்குக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாள். கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“இதோ பாரும்மா. மழை பேஞ்சு கூரை ஒழுகினா அது மேனேஜ்மென்ட் பொறுப்பு. பொண்ணுங்க மயங்கி விழுந்தா பி.டி. டீச்சர் பொறுப்பு. சூரியன் மேற்க உதிச்சா அது சயின்ஸ் டீச்சர் பொறுப்புதானே? ஆபீசர் வர்றதுக்குள்ள நேர் பண்ணிடு.”

“ஒரு தரம் எதிர்ப்பக்கமா சுத்த வச்சா சரியாயிடும்ங்க.”

“அப்ப வைய்யேன்.”

வைக்க முடியவில்லை. மறுநாளே ஒன்பது கிரகங்களின் அப்பாக்களும் வந்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பேசியவர் சரசுவின் அப்பா அப்பாதுரை. தேரடி வீதியில் பாத்திரக்கடை. ஒரு டம்ளர் கேட்டு வந்தவர்களைக் குடமும் தவலையுமாக அனுப்பி வைக்கிறவர். எல்லம்மாளின் தாம்பாளமே அவர் கடை இரவல்தான்.

“டீச்சரம்மா, படிப்பு சொல்லிக் குடுங்க, வேணாங்கல. ஆனா எங்க பொண்ணுங்க இடமா சுத்தாது. இடமா சுத்தறது சுடுகாட்டுல. அதுவும் ஆம்பிளைங்க.”

“சூரியன் மேற்க உதிக்குதுங்களே, அண்ணே.”

“உதிக்குதா இல்லியா? அதைச் சொல்லுங்க. சரக்கு வந்து எறங்கிச்சா, எண்ணி வாங்கினோமா, அவ்ளோதான். எந்த லாரில வந்துச்சுன்னு நமக்கு இன்னாத்துக்கு?”

“ஒரே ஒரு சுத்துங்க.”

“கட்டாதும்மா.”

“அரைச் சுத்து?”

“நீங்க கொறைச்சுக் கேட்டுட்டீங்க, நான் வெறுங்கையா அனுப்பினா கடைக்கு அழகில்ல.” அப்பாதுரை தாடையைச் சொறிந்தார். “ஒண்ணு பண்ணுங்க. பொண்ணுங்க பின்னாடியே நடக்கட்டும். சூரியன் எங்க சோத்துக்கைப் பக்கம். போறது உங்க பக்கம். ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல.”

கனகமாலா இரண்டு முறை விரலால் மேசை மேல் வட்டம் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாகவே வந்தது. அன்று சாயங்காலம் ஒன்பது கிரகங்களும் பின்பக்கமாகவே நடந்தன. சைக்கிள் டயரை வளையமாக மாட்டியிருந்த சனி, வியாழனை இழுத்துக்கொண்டு போனது. செவ்வாய் சாக்கடையில் இறங்கியது. எல்லம்மாள் சிரித்த சிரிப்பில் தாம்பாளம் உருண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பியது. இதற்கெல்லாம் மேலே ஒரு கோளாறு. பின்னால் நடந்தாலும் சரசு சுழலும்போது வலமாகவே சுழன்றுவிட்டாள். சுற்றுவது ஒரு பக்கம், சுழல்வது ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் சூரியனுக்கு எந்தப் பக்கம் வருவதென்று தெரியவில்லை. மலைக்குப் பின்னால் தலையைக் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ரயிலடிப் பக்கம் எட்டிப் பார்த்தது. கடைசியில், குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுக்கிற பஸ் மாதிரி, தட்டித் தட்டிப் பின்பக்கமாகவே ஏறி வர ஆரம்பித்தது. ராமதாஸ் விசிலை ஊதிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்று, “வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... வரலாம்...” என்று கையைக் காட்டினார். முப்பத்தெட்டுப் பெண்களும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு “ஹோல்டான்!” என்று கத்தினார்கள். உச்சிக்கு வந்து சேர மூன்று மணி ஆயிற்று. அதுவரைக்கும் சாப்பாட்டு மணி அடிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. ஆதிலட்சுமி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டவே இல்லை.

கனகமாலா அன்று வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தாள், புடவைகளை எடுத்து அடுக்கவும் செய்தாள். ஆனால் மறுநாள் வைத்திருந்த பாடம் அவளுக்குப் பிடித்த பாடம்: புவியீர்ப்பு. போவதானாலும் அதை நடத்திவிட்டுப் போகலாம் என்று பெட்டியை மூடினாள்.

அந்தப் பாடத்துக்கு ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் தீப்பெட்டிக்குள் ஒரு எறும்பும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பழம்தான் பூமி. எறும்பை அதன் மேல் விட்டார்கள். எறும்பு உச்சியில் நடந்தது, பக்கத்தில் நடந்தது, அடிப்பக்கமும் போனது. விழவில்லை. “பாத்தீங்களா,” என்றாள் கனகமாலா. “மேல, கீழங்கறதெல்லாம் நாம வச்ச பேரு. கால் எங்க இருக்குதோ அதான் கீழ. தலை இருக்கற பக்கம் மேல. எழுதிக்கோங்க.” எழுதிக்கொண்டார்கள். ஒன்பது ஆ பிரிவில் ஒரு விசேஷம், டீச்சர் சொல்லி நோட்டில் ஏறிவிட்டால் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

சரசு தன் எலுமிச்சம்பழத்தைத் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பக்கத்து எறும்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், அடியில நடக்குதே இந்த எறும்பு, இதுக்குச் சோத்துக்கை எந்தப் பக்கம்?”

“எறும்புக்கு ஏதுடி சோத்துக்கை?” என்றாள் எல்லம்மாள்.

“வச்சுக்கோடி ஒரு பேச்சுக்கு.”

கனகமாலா பழத்தை வாங்கினாள். மேலே நடக்கிற எறும்புக்கு வலதாக இருப்பது அடியில் தலைகீழாக நடக்கிற எறும்புக்கு இடது ஆகிவிடுகிறது. மேலே இருப்பவள் சூரியனை வலதுகைப் பக்கம் வைத்துச் சுற்றினால் கடிகாரத் திசை. தலைகீழாக இருப்பவளும் வலதுகைப் பக்கமே வைத்துச் சுற்றினால் அது எதிர்த்திசை. அதாவது புத்தகத் திசை. அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் வாயை மூடுவதற்குள் சரசு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, பிரேயர் ஹாலுக்குள் புகுந்து உட்சுவரில் வலது காலை வைத்தாள்.

“ஏய், விழுந்துடப் போற!”

“கால் இருக்கற இடம்தான் கீழன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” என்று சொல்லிவிட்டு, இடது காலையும் வைத்து, மாடிப்படி ஏறுகிற மாதிரி சுவரில் நடந்து, மூலையில் ஒரு தாண்டு தாண்டி, ஹாலின் கூரைத் தளத்தில் தலைகீழாகப் போய் நின்றாள். இரட்டைப் பின்னல் முதுகோடு கிடந்தது. தாவணியும் பாவாடையும் ஒழுங்காகக் கால் பக்கமே தொங்கியதால், சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியைக்கும் ஆட்சேபணை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மற்ற எட்டுக் கிரகங்களும் செருப்பைக் கழற்றின. எல்லம்மாள் கொஞ்சம் கனம், சுவரின் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்து எழுந்துதான் போனாள். போய்ச் சேர்ந்ததும் தளத்தின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

அப்பாதுரைக்கு ஆள் போயிற்று. கடையில் பாதி வியாபாரத்தில் இருந்தவர், கையில் ஒரு சொம்போடேயே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“சரசு, சூரியன் எந்தக் கைப்பக்கம்?”

“சோத்துக்கைப் பக்கம்பா.”

“முன்னாடிதான் நடக்கறியா?”

“ஆமாம்பா.”

“சுழல்றது?”

“கோயில்ல மாதிரியே.”

அவருக்குத் திருப்தியில்லை. சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிற பழக்கமில்லை அவருக்கு. தரையில் துண்டை விரித்து மல்லாக்கப் படுத்து, மகள் ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற வரைக்கும் பார்த்தார். எழுந்து துண்டை உதறினார். “சொக்கத் தங்கம். இதுல ஒரு குத்தமும் சொல்றதுக்கில்ல. நடத்துங்க டீச்சரம்மா.” மறுநாள் காலை காம்பவுண்டுக்குள் சூரியன் ரயிலடிப் பக்கமே, ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லாமல் உதித்தது. டீக்கடைக்காரர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போர்டைக் கழற்றினார்.

வேலூர் அதிகாரி வேணு சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியிருப்பார், நன்றாக இருப்பதைப் பார்த்தால் பேசமாட்டார், தப்பைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். பிரேயர் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்துப் பெண்கள் சுவர் ஏறித் தளத்துக்குப் போனதைப் பார்த்தார்.

“இது என்ன மெதட்?”

“ஆக்டிவிட்டி மெதட்ங்க, சார்.”

“ம்.”

கிரகங்கள் சுற்றத் தொடங்கின. அதிகாரி அண்ணாந்து, விரலைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். முகம் மெல்ல மலர்ந்தது. “கடிகாரத் திசையில சுத்துதும்மா. புத்தகத்துல எதிர்த்திசை. அடிப்படையே தப்பு.” காதிலிருந்து பென்சில் இறங்கி, காகிதத்தில் ‘தவறு’ என்று பெரிதாக எழுதியது. ஆதிலட்சுமி அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கனகமாலாவுக்கு டிரங்குப் பெட்டி கண்ணில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். உண்மைதான், அவர் சொன்ன திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் காலையில் சூரியன் கிழக்கேதானே உதித்தது? சூரியன் பொய் சொல்லுமா? அதற்குள் அவளுக்கு உறைத்துவிட்டது.

“சார், நீங்க கீழேர்ந்து பாக்கறீங்க.”

“பின்னே?”

“புத்தகத்துல மேலேர்ந்து பாத்தான்னு போட்டிருக்குது, சார். கண்ணாடி வச்ச கடிகாரத்தைப் பின்பக்கமா பாத்தா முள்ளு திரும்பித்தானே ஓடும்? மொட்டை மாடிக்கு வந்து பாருங்க. ஏணி இருக்குது.”

“என்னை ஏணி ஏறச் சொல்றியா?”

“பத்துப் பொண்ணுங்க ஏணியே இல்லாம ஏறியிருக்காங்க, சார்.” சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று அவளே பயந்துபோனாள்.

மேலே தளத்திலிருந்து ஒரு குரல், சரசுவின் குரல், கேட்டது. “வாங்க சார், நாங்க நிறுத்தாம சுத்தறோம்!”

அதிகாரி ஏணி ஏறினார். ராமதாஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் “வரலாம், வரலாம்” என்றார். மொட்டை மாடியில் வெளிச்சத்துக்காக அங்கங்கே பதித்திருந்த கண்ணாடிச் சதுரங்களின் மேல் குனிந்து அதிகாரி பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு உள்ளங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மருதாணி வைத்த கால், கொலுசு போட்ட கால், சாக்கடையில் இறங்கின காயம் ஆறாத ஒரு செவ்வாய்க் கால். எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போயின. ஒரு முழுச் சுற்று பார்த்தார், இன்னொன்றும் பார்த்தார். நாலாவது சுற்றில் அவர் கால்விரல்களும் லேசாகத் தாளம் போட்டதை ராமதாஸ் பிற்பாடு பல பேரிடம் சொன்னார். இறங்கி வந்து ‘தவறு’ என்பதைச் சிவப்புப் பென்சிலாலேயே அடித்தார். அறிக்கையில் அவர் எழுதியது மூன்றே வரி: பாடம் சரி. தளத்தில் காலடித் தடங்கள் தெரிகின்றன, ஏறுமுன் கால் கழுவ வேண்டும். கரும்பலகை ஒன்றை மேலே தலைகீழாக மாட்டினால் மாணவிகளுக்கு வசதியாக இருக்கும்.

கரும்பலகை மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒன்பது ஆ பிரிவு தளத்தில் ஒரு வாரம் படித்தது. பெருக்குகிற சின்னப்பொண்ணு கீழே ஒரு தரம், மேலே ஒரு தரம் பெருக்கினாள். 1980இல் சூரிய கிரகணம் வந்தபோது ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, தளத்தில் நிலா வேஷம் போட்ட பெண், சூரியனாக உட்கார்ந்த எல்லம்மாளின் தங்கச்சி முன்னால் போய் நின்று, சொன்ன நிமிஷத்தில் மறைத்து, சொன்ன நிமிஷத்தில் விலகினாள். சரசு கல்யாணமாகி ஆரணிக்குப் போனாள், அங்கே ஒட்டடை அடிக்க ஏணி தேவைப்படாத ஒரே வீடு அவளுடையது. பௌர்ணமிக்கு வருகிறவர்களில் சிலர் பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

கனகமாலாவின் நிரந்தர உத்தரவு 1978 பங்குனியில்தான் வந்தது. அன்றைக்கு வால் நட்சத்திரம் பாடம். நட்சத்திரமாக வந்த பெண்ணுக்குத் திரும்பும் இடம் பிடிபடவில்லை என்று, அதுவரை தரையிலேயே நின்று பாடம் நடத்தியவள் முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவர் ஏறியிருந்தாள். ராமதாஸ் உத்தரவையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, தலைக்கு மேலே டீச்சரின் தலையைப் பார்த்தார்.

“டீச்சர், பர்மனென்ட் ஆயிடுச்சு! கீழ வாங்க, கையெழுத்து போடணும்.”

“எது கீழ, ராமதாஸ்?”

அவர் அண்ணாந்து டீச்சரின் கால்களைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பதிவேட்டை விரித்துத் தூக்கிப் பிடித்தார். அவள் அங்கிருந்தே எட்டி, அவர் பிடித்திருந்த வாக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, வால் நட்சத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லம்மாளைச் சுற்றி ஓடினாள். அந்தக் கையெழுத்து பதிவேட்டில் தலைகீழாகத்தான் இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டைத் திருப்பிப் பிடித்துப் படித்து, டிக் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.